ஸ்பேஸா, ஸ்லாஷா?

காலை ஒன்பது இருபதுக்கு ஜோதிலட்சுமியின் கம்ப்யூட்டர் படம் காட்ட மறுத்தது.

பட்டனைத் தட்டினால் உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் தார் பூசிய சுவர் மாதிரி கறுப்பாக நின்றது. மேல் மூலையில் வெள்ளையாக ஒரு வரி ஆங்கிலம். அதன் முடிவில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் கறுப்பு. இன்னொரு தடவை. அதே கறுப்பு.

“யோவ், இங்க வாய்யா!”

எதிர் டீக்கடையில் பொறையை டீயில் முக்கிக்கொண்டிருந்த நெடுஞ்செழியன், மழைக்குத் தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, டீ கிளாஸும் பொறையுமாக ஓடி வந்தான்.

“இன்னாமே?”

“பாரு.”

பார்த்தான். “கரண்டு கீது. ஸ்கிரீனு எரியுது. அப்புறம் இன்னா பேஜாரு?”

“நாப்பத்திமூணு மனுவும் இதுக்குள்ளதான்யா கீது!”

நெடுஞ்செழியனின் கையிலிருந்த பாதிப் பொறை டீயில் விழுந்து மூழ்கியது. அதை அவன் கவனிக்கவில்லை.

மந்தைவெளி மார்க்கெட்டுக்கு அடுத்த சந்தில், எட்டுக்கு ஆறடி இடத்தில் இருந்தது அந்தக் கடை. ‘ஜோதி ஜாப் டைப்பிங் – ஜெராக்ஸ்’ என்று போர்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், வேலைக்கு பயோடேட்டா, இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் என்று அந்தப் பக்கத்தில் எழுத்தில் வர வேண்டிய எதுவும் ஜோதியின் விரல் வழியாகத்தான் வரும். அவள் புருஷன் நெடுஞ்செழியன் ஆட்டோ ஓட்டினான். சவாரி இல்லாத நேரத்தில் ஜெராக்ஸ் எடுப்பான்.

அவர்கள் குடியிருந்தது கால்வாய் ஓரம் படகுத்துறையில். இருநூற்றுச் சொச்சம் வீடுகள். கரையை அகலப்படுத்தப் போகிறார்கள், எல்லோருக்கும் மாற்று வீடு உண்டு என்று சொல்லிப் போன மாதம் கணக்கெடுக்க வந்தார்கள். வந்த நேரம் காலை பதினொன்று. அந்த நேரத்தில் படகுத்துறையில் யார் இருப்பார்கள்? ஆழ்வார்பேட்டையில் பாத்திரம் தேய்க்கப் போனவர்கள், பாலவாக்கத்தில் மீன் எடுக்கப் போனவர்கள், கடை திறக்கப் போனவர்கள். நாற்பத்து மூன்று கதவுகளில் பூட்டு தொங்கியது. வந்தவர்கள் ‘பூட்டிய வீடு’ என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியல் ஒட்டப்பட்ட அன்றுதான் அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது. பூட்டிய வீடு என்றால் அங்கே யாரும் குடியில்லை. குடியில்லாதவருக்கு மாற்று வீடும் இல்லை.

நாற்பத்து மூன்றில் ஜோதியின் வீடும் ஒன்று.

ஆட்சேபணை கொடுக்க இன்று மாலை மூன்று மணி வரை கெடு. சமுதாயக் கூடத்தில் முகாம். வீட்டுக்கு ஒரு மனு, மனுவோடு ரேஷன் கார்டும் ஈ.பி. கார்டும் மற்ற ஆதாரமும். ஒரு வாரமாக ஜோதி ஒவ்வொரு வீட்டுக் காகிதத்தையும் ஸ்கேன் எடுத்து, கோணலாக விழுந்ததைத் தூக்கிப் போட்டு மறுபடி எடுத்து, மனுவோடு சேர்த்து அடித்து வைத்திருந்தாள். கடைசி ஆறு வீட்டு ஈ.பி. கார்டு நேற்றுச் சாயங்காலம்தான் வந்தது. அதையும் சேர்த்து, காலையில் மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று பூட்டிக்கொண்டு போனவள்தான்.

“நீரஜாம்மாவுக்குப் போன் போடு” என்றான் நெடுஞ்செழியன்.

“போட்டேன். எடுக்கல. ஆபீஸ்ல மீட்டிங்கா இருக்கும்.”

நீரஜா வடக்கு மாடவீதிக்காரி. அடையாறில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. பிரிண்ட் எடுக்க வந்து சிநேகமானவள். போன வருஷம் ஜோதியின் பழைய விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் வராது, புதுசு போட இந்த மெஷின் தாங்காது என்று ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். “எல்லாம் மவுஸ்லயே முடிஞ்சுடும் ஜோதிக்கா. கறுப்பு ஸ்கிரீன், கமாண்டுன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்கோ. நீங்க அதைக் கண்ணால பார்க்கவே வேண்டாம்” என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கறுப்பைத்தான் ஜோதி இப்போது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே காத்துக்கினு இருந்தா ஆவாது. டி.நகர்ல ஜீஷான் கடைக்கு எடுத்துக்கினு போறேன். அவன் பாக்காத மெஷினா? நீ இங்க இரு. ஜனங்க கையெழுத்துப் போட வந்துக்கினே இருப்பாங்க.”

சி.பி.யு. பெட்டியை ஆட்டோ ரெக்சின் துணியில் குழந்தையைப் போலச் சுற்றிப் பின் சீட்டில் வைத்தான். இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டினான். சந்து முனையில் தேங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு ஆட்டோ போயிற்று.

பத்து மணிக்குத் தாயம்மா வந்தாள். ஆழ்வார்பேட்டையில் மூன்று வீட்டில் சமையல். இன்று மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு, படகுத்துறை ஜனங்களை ஒவ்வொருவராக அனுப்பும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் தெரிந்ததைப் பார்த்தாள்.

“எங்கடி பொட்டி?”

“ரிப்பேருக்குப் போயிருக்குக்கா.”

“இன்னிக்கா? ஏண்டி, மூணு மணிக்கு நான் இன்னா வெறுங்கையைக் காட்டவா? இதுக்குத்தான் கையால எழுதுன்னேன்.”

“போன தபா கையால எழுதிக் குடுத்ததுக்கு இன்னா சொன்னாங்க? எழுத்து புரியலன்னு திருப்பிட்டாங்க இல்ல?”

தாயம்மா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. நீரஜா.

“சாரி ஜோதிக்கா, மீட்டிங்ல மாட்டிண்டேன். என்ன ஆச்சு?”

ஜோதி சொன்னாள். “பயப்படாதீங்கோ. ஃபைல் எங்கேயும் போயிருக்காது. டெர்மினல்ல போய்ப் பார்த்துடலாம்” என்றாள் நீரஜா.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தாயம்மா, “எந்த டெர்மினலு? மந்தவெளி பஸ் டெர்மினஸா? அங்க எதுக்கும்மா பொட்டியைத் தூக்கிக்கினு போணும்?” என்றாள்.

“இல்ல மாமி, அந்தக் கறுப்பு ஸ்கிரீனுக்குப் பேரு டெர்மினல். ஜோதிக்கா, அது எதிரே உட்கார்ந்துண்டு இருக்கேளா?”

“எங்கம்மா, அவரு டி.நகருக்கு எடுத்துக்கினு போயிட்டாரு. ஜீஷான் கடைக்கு.”

“ஐயையோ. அவர் ஃபார்மேட் பண்ணிடப் போறார்! உடனே போன் பண்ணுங்கோ!”

ஃபார்மேட் என்றால் என்னவென்று ஜோதிக்குத் தெரியும். சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பதுதான்.

ஜீஷான் கெட்டவன் இல்லை. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், பாத்திரக் கடை மாடியில் அவன் கடை. பதினைந்து வருஷ அனுபவம். தலைவலியா, கால்வலியா என்று கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரைப் போல, எந்த மெஷின் வந்தாலும் ‘ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்’ என்பான். பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதுதான் தொந்தரவு.

“அக்கா, நானே கூப்புடணும்னு இருந்தேன்” என்றான் ஜீஷான். “ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டிப் பார்த்தேன். காலின்னு காட்டுது. ஃபார்மேட் பண்ணாத்தான் தெறப்பேன்னு அதுவே கேக்குது.”

“ஐயோ தம்பி, காலி இல்ல. உன் மெஷினு விண்டோஸு. அதுக்கு இது தெரியாதுன்னு நீரஜாம்மா சொல்லுது. கை வெக்காத. திருப்பி அதே பொட்டில மாட்டு.”

“மாட்டிட்டேன்க்கா. இப்போ லாகின்னு கேட்டுக்கினு நிக்குது. பேரு போட்டுட்டேன், அண்ணன் சொன்னாரு. பாஸ்வேர்டு சொல்லு.”

“மண்ணெண்ணெய்.”

“இன்னாது?”

“மண்ணெண்ணெய்ப்பா. ஸ்டவ்வுக்கு ஊத்துறது.”

டக் டக்கென்று சத்தம். “தப்புன்னு சொல்லுது. எம் ஏ டபுள் என், ஈ, டபுள் என், ஏ ஐ?”

“அது இல்ல.”

“கெரசின்னு போடவா?”

பின்னாலிருந்து நெடுஞ்செழியனின் குரல் கேட்டது. “ஏய், கிருஷ்ணாயில்னு போட்டுப் பாரு!”

“கம்முனு இருய்யா! தமிழ் டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரி அடிக்கணும்ப்பா.”

“இங்க இங்கிலீஷ்தான்க்கா கீது. இன்னா லெட்டர்னு சொல்லு, அடிக்கிறேன்.”

என்ன எழுத்து என்று ஜோதிக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் லஸ் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் கிரேடு படித்தாள். மாஸ்டர் சாவிகளின்மேல் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘மண்ணெண்ணெய்’ என்று நூறு தடவை அடிக்கச் சொல்வார். கொம்பும் புள்ளியும் மூன்று சுழியுமாக விரலை முறுக்கிப் போடும் சொல் அது. வகுப்பில் தப்பில்லாமல் அடித்தது ஜோதி மட்டும். நீரஜா பாஸ்வேர்டு வைக்கச் சொன்ன அன்று, விரல் தானாகப் போய் அதைத்தான் அடித்தது. ஒவ்வொரு சாவிக்கும் கம்ப்யூட்டர் என்ன ஆங்கில எழுத்தை எடுத்துக்கொண்டதோ, அவள் பார்த்ததில்லை. பாஸ்வேர்டு திரையில் தெரியவா போகிறது?

மேஜைமேல் கிடந்த கீபோர்டில் மெதுவாக அடித்துப் பார்த்தாள். மெதுவாக அடித்தால் விரல் தடுமாறியது. வேகமாக அடித்தால் எந்தச் சாவி என்று கண் பிடிக்கவில்லை. பிடித்த சாவியிலும் எழுத்துத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“வாயால சொல்ல வராதுப்பா. கைக்குத்தான் தெரியும். நானே வரேன்.”

“வர்றதுக்குள்ள ஃபார்மேட் அடிச்சு, புதுசாவே போட்டுக் குடுத்துருவேனேக்கா.”

“ஜீஷானு! அதுல நாப்பத்திமூணு வூடு கீது. தொட்ட, அவ்ளோதான்.”

கடையைத் தாயம்மாவிடம் விட்டுவிட்டு, ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். மதியத்துக்குக் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு டப்பாவும் பையோடு கூடப் போயிற்று. ஆழ்வார்பேட்டையில் முழங்கால் தண்ணீர். பாண்டி பஜார் முனையில் சிக்னல் வேலை செய்யவில்லை. ஆட்டோக்காரர் வானத்தையும் முன்னால் நின்ற பஸ்ஸையும் மாறி மாறித் திட்டினார். பாத்திரக் கடை மாடிப்படி ஏறும்போது மணி பதினொன்றே முக்கால்.

ஜீஷான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். “உக்காருக்கா. நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இந்த லினக்ஸ் உனக்கு எதுக்கு? இது ஐ.டி. கம்பெனி ஆளுங்க சமாச்சாரம். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு, இப்படிக் கறுப்பு ஸ்கிரீனைக் காட்டி கமாண்டு அடின்னும். வூட்ல, கடையில பொழங்குறவங்களுக்கு இது தேவையா?”

நீரஜா போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் சீறியது. “தேவையே இல்ல சார்! ஒரு வருஷமா அவா கமாண்டு அடிச்சாளா? மெயில், டைப்பிங், பிரிண்ட் எல்லாம் மவுஸ்லதானே ஓடித்து?”

“ஓடுச்சும்மா. இப்ப நின்னுபோச்சே. இப்ப மவுஸு எங்க?”

வாசலில் சாய்ந்து நின்ற நெடுஞ்செழியன் குறுக்கிட்டான். “நான் மெக்கானிக்கா? இல்ல. ஆனா வண்டி நடுரோட்டுல நின்னா, பிளக்கைக் கழட்டித் தொடச்சுப் போட்டு ஷெட்டு வரைக்கும் ஓட்டிக்கினு வந்துருவேன். அத்தத் தெரியாதவனுக்கு ஸ்டாண்டுல ஒருத்தனும் வண்டி வாடகைக்குத் தர மாட்டான். அந்த மாதிரி இத்தையும் வெச்சுக்க.”

“பிளக்கு தொடைக்கிறது இங்கிலீஷ்ல இல்லண்ணே.”

“தள்ளு” என்றாள் ஜோதி. “நான் இங்கிலீஷும் ஹையர்தான்.”

கீபோர்டை மடிப்பக்கம் இழுத்தாள். முதுகை நிமிர்த்தினாள். பெயர் அடித்து எண்டர் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. விரல்கள் ஒரு தடவை அலைந்து அடங்கின. திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

“ஒண்ணுமே வரல. கீபோர்டு செத்துருச்சா?” என்றான் நெடுஞ்செழியன்.

“அது அப்படித்தான், காட்டாது” என்றாள் நீரஜா. “எண்டர் தட்டுங்கோ.”

கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பது அவளுக்குப் புதுசா என்ன? எண்டரைத் தட்டினாள். நாலைந்து வரிகள் சரசரவென்று ஓடின. கடைசி வரியில் அவள் பெயர் வந்து நின்றது.

“உள்ள போயிட்டேன்” என்றாள்.

ஜீஷான் அவள் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். “மண்ணெண்ணெய்க்கு நடுவுல செமிகோலன்லாம் போட்டியேக்கா. இத்தப் போயி நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது!”

நீரஜா சொல்லச் சொல்ல ஜோதி அடித்தாள். முதலில் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டே எழுத்து. பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ‘43’ என்ற ஃபோல்டரும் இருந்தது. நெடுஞ்செழியன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று கேட்கும் கமாண்டு.

“நூறு பர்சென்ட்டுன்னு போட்டிருக்கும்மா.”

“அதான் விஷயம்! டிஸ்க் ரொம்பிடுத்து. மூச்சு விட இடமில்லாம படம் வரல. என்னத்தைப் போட்டேள் அவ்வளவு?”

“ஸ்கேன் எடுத்தேன். கோணலா வந்ததையெல்லாம் அப்பப்போ குப்பையில போட்டேனே.”

“குப்பைத் தொட்டியைக் காலி பண்ணினேளா?”

ஜோதி நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அதைக் காலி வேற பண்ணணுமா?”

“கார்ப்பரேசன் வண்டி வரும்னு நெனச்சுட்ட” என்றான் நெடுஞ்செழியன். அந்தக் காலை முழுவதிலும் அங்கே எழுந்த முதல் சிரிப்பு அது. ஜோதி திரும்பிப் பார்த்ததும் அதுவும் அடங்கியது.

“ஒரே வரிதான்” என்றாள் நீரஜா. அவள் ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசினாள் போலிருக்கிறது. அங்கேயும் மழை. இங்கே கீழே பாத்திரக் கடையில் எவர்சில்வர் அண்டாக்களை லாரியிலிருந்து இறக்கும் சத்தம். “மெதுவா அடிங்கோ. இது அழிக்கிற கமாண்டு. அழிச்சா அழிச்சதுதான், திரும்பி வராது. ஆர், எம். ஸ்பேஸ். ஹைஃபன், ஆர். ஸ்பேஸ். புள்ளி, லோக்கல். ஸ்லாஷ். ஷேர். ஸ்லாஷ். ட்ராஷ், டி மட்டும் பெரிசு...”

கீழே ஒரு அண்டா படியில் உருண்டது.

“...ஷ். ஸ்டார். எண்டர்.”

அடித்து முடித்த ஜோதியின் சுண்டுவிரல் எண்டர் சாவிமேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. இன்ஸ்டிடியூட்டில் தாளை உருவுவதற்கு முன்னால் வரியை ஒருமுறை படித்துத்தான் ஆக வேண்டும். படிக்காமல் உருவினவள் வாசலில் நிற்க வேண்டும். அவள் அடித்த வரியைப் படித்தாள்.

“நீரஜாம்மா, கடைசில ஸ்டாருக்கு முன்னால சொன்னது ஸ்பேஸா, ஸ்லாஷா?”

“நீங்க என்ன அடிச்சேள்?”

“ஸ்பேஸ்.”

“எண்டர் தட்டிடாதீங்கோ!” போன் அலறியது. “கையை எடுங்கோ! கையை எடுத்துட்டேளா?”

“எடுத்துட்டேன்.”

“ஸ்டார்னா ‘எல்லாம்’னு அர்த்தம் ஜோதிக்கா. ஸ்லாஷ் ஒட்டி இருந்தா, குப்பைக்குள்ள இருக்கறது எல்லாம். ஸ்பேஸ் விழுந்தா... குப்பையும் போகும், உங்க ஃபைல் எல்லாமும் போகும்.”

ஜீஷான் திரையில் இருந்த அந்த ஒரு விரற்கடை வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தான். நாற்பத்து மூன்று வீடும் அதற்குள் விழ இருந்தன.

“எப்படிக்கா தோணிச்சு?” என்றான்.

“பேரு நடுவுல எங்கயும் எடம் வுடல, கோடு போட்டு ஒட்டிக்கினே வந்துச்சு. கடைசில மட்டும் எதுக்கு வுடுதுன்னு பார்த்தேன்.” விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “நீரஜாம்மா, இந்த ஸ்பேஸு, ஸ்லாஷு ரெண்டும் போன்ல ஒரே மாதிரி வுழுது. வேணாம். இன்ஸ்டிடியூட்ல சொல்ற மாதிரி சொல்லுங்க. இது இடைவெளி. அது சாய்கோடு. இனிமே தப்பு வராது.”

“சரி. இடைவெளியை அழிச்சுட்டுச் சாய்கோடு போடுங்கோ.”

ஜோதி போட்டாள். முதலிலிருந்து முடிவு வரை வாய்விட்டுப் படித்தாள். புள்ளி, சாய்கோடு, சாய்கோடு, சாய்கோடு, ஸ்டார். நீரஜா “ஆமாம்” என்றதும் எண்டரைத் தட்டினாள். கண் சிமிட்டும் கோடு கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்தாற்போல நின்றது. அடுத்த வரிக்கு இறங்கியது. இடத்தைக் கேட்டுப் பார்த்தால், நூறு பர்சென்ட் அறுபத்தொன்றாகக் குறைந்திருந்தது.

மெஷினை அணைத்துப் போட்டார்கள். நீலம் வந்தது. படம் வந்தது. அம்புக்குறி நடுவில் வந்து நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டது.

ஜீஷான் ஒன்றும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். “நான் செஞ்சது டிஸ்க்கைக் கழட்டி மாட்டினது மட்டும்தான்க்கா. ஒரு பத்து நிமிஷம் நீ லேட்டா வந்திருந்தா...” சாப்பிட்டாயா என்று ஜோதி கேட்டாள். இல்லை என்றான். கருவாட்டுக் குழம்பு டப்பாவை அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கடைக்கு வந்து ஒயர்களை மாட்டி முடித்தபோது மணி ஒன்று ஐம்பது. வாசலில் குடைகளாக நின்றது படகுத்துறை. நடுவில் தாயம்மா, பஞ்சாயத்துத் தலைவி மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோதி முதல் மனுவை மவுஸால் திறந்தாள். ஐந்து பக்கம், எல்லாம் ஸ்கேன் படம். பழைய மெஷின் அதைத் திறக்க மூச்சு வாங்கியது. பிரிண்ட் கொடுத்தாள், மூடினாள், அடுத்ததைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மனுவுக்கு மூன்று நிமிஷம்.

“நாப்பத்திமூணு மூணு எவ்ளோக்கா?”

“நூத்தி இருவத்தொம்பது” என்றாள் தாயம்மா. காய்கறிக் கணக்குப் போட்டுப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “அடியே! நாலு மணி ஆயிடுமேடி!”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாதிப் பேருக்குத்தான் கிடைக்குமா? எந்தப் பாதி? முதலில் வந்தவளா, கைக்குழந்தைக்காரியா? ஒருத்தி முன்னால் நகர்ந்தாள். இன்னொருத்தி அவள் குடையைப் பிடித்து இழுத்தாள்.

ஜோதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்தாள்.

“நீரஜாம்மா, ஸ்டார்னா எல்லாம்தானே?”

“ஆமா, ஏன்?”

“அழிக்கிறதுக்கு ஒரே வரில எல்லாத்தையும் அழிக்கும்னா, பிரிண்டும் ஒரே வரில எல்லாத்தையும் எடுக்குமா?”

நீரஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எடுக்கும் ஜோதிக்கா. பேஷா எடுக்கும். எனக்குத் தோணலை பாருங்கோ!”

“சொல்லுங்க. அந்தக் கறுப்பு எங்க கீது இதுல?”

படம் வந்த திரைக்குள் அவளே போய்க் கறுப்பைத் திறந்தாள். நீரஜா சொன்னாள்: ‘43’ ஃபோல்டருக்குள் போக ஒரு வரி. பிறகு அவள் டைப் அடிக்கும் லிப்ரே ஆபீஸின் பெயர், இடைவெளி, ஹைஃபன் பி, இடைவெளி, ஸ்டார், புள்ளி, ஓ டி டி. ஜோதி ஒருமுறை படித்தாள். எண்டர்.

பிரிண்டர் ஒரு தடவை இருமியது. முதல் தாள் வந்தது. இரண்டாவது. பிறகு அது நிற்கவேயில்லை. நெடுஞ்செழியன் சூடான தாள்களை வாங்கி வாங்கி அடுக்கினான். தாயம்மா அவனைப் பெயர் படிக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழுந்தன. பேப்பர் தீர்ந்து ஒருதரம் நின்றது. புது ரீமைப் பிரித்துப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு எல்லாம் முடிந்தது.

சமுதாயக் கூடத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கட்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நாற்பத்து மூணா? இவ்வளவு பேருமா வீட்டைப் பூட்டிட்டுப் போனீங்க?”

“பதினோரு மணிக்கு உங்க வூட்ல யாரு சார் இருப்பாங்க?” என்றாள் தாயம்மா.

அவர் கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுத்துப் புரிந்தது. ஆதாரம் நேராக, தெளிவாக விழுந்திருந்தது. குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை. முத்திரையை எடுத்து மை தொட்டுக் குத்த ஆரம்பித்தார். கடைசி முத்திரை விழும்போது சுவர்க் கடிகாரம் மூன்றாக இன்னும் நாலு நிமிஷம் என்றது. “வியாழக்கிழமை மறு சர்வே. ஒருத்தர் கண்டிப்பா வீட்ல இருக்கணும்” என்றார்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள் நீரஜா. நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடியே பேசினாள். “கறுப்பு ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம்னு உங்ககிட்ட அவ்வளவு அடிச்சுச் சொன்னேன். எனக்கு வெக்கமா இருக்கு ஜோதிக்கா.”

“தப்பா ஒண்ணும் சொல்லலியே. ஒரு வருஷம் அது இல்லாமதானே ஓடுச்சு. நாளைக்கும் மவுஸ்லதான் பொழப்பு.” ஜோதி அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லிக் கணவனைப் பார்த்தாள். “ஆனா அது இருக்குதுன்னு சொல்லாம மறைச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. எனக்குப் பயம் வரும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

நீரஜா தலையாட்டினாள். ஒரு தாள் கேட்டாள். ஆறு கமாண்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழில் அது என்ன செய்யும் என்று குறித்தாள். ஜோதி அதை வாங்கி, எழுத்து கோணலாக இருக்கிறது என்று சொல்லி, தானே அடித்துப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினாள்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. படகுத்துறையில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. சர்வேக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஜோதியின் வாசலில் நின்று குடும்பத் தலைவி பெயர், கணவர் பெயர், தொழில் என்று கேட்டார்கள். “டைப்பிஸ்ட்” என்றாள். பதிந்துகொண்டு, கதவில் சாக்பீஸால் ஓர் எண் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நெடுஞ்செழியன் அந்த எண்ணைப் பார்த்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தான். ஆட்டோவுக்கு டச் அப் செய்ய வாங்கிய மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்து, சாக்பீஸ் கோட்டின்மேலேயே பிரஷ்ஷால் அழுத்தி வரைந்தான்.

“எனக்கும் அட்றா” என்று தாயம்மா தன் கதவைக் காட்டினாள். அடித்தான். அதற்குள் அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டாள். அதற்கடுத்த வீட்டுக்காரன் டப்பாவையே வாங்கிக்கொண்டான். பதினெட்டாவது கதவில் பெயிண்ட் தீர்ந்தது. இன்னும் இருபத்தைந்து கதவு பாக்கி. முதல் தூறல் விழுந்தது.

“நின்னுக்கினு இன்னாய்யா பாக்குற? போய் இன்னொரு டப்பா வாங்கிக்கினு வா” என்றாள் ஜோதி.

நெடுஞ்செழியன் ஆட்டோவை எடுத்தான்.